எண்ணெய் தீரும் என்று சொன்னவர்

எங்கள் தோட்டத்தில் ஆயில் இஞ்சின் இறக்கிய அன்று சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். இஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது. குழாயில் தண்ணீர் குதித்து வந்து தொட்டியில் விழுந்ததும் கூடியிருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நான் கல்யாணமாகி ஓடைப்பட்டிக்கு வந்த புதுசு. அந்த வீட்டில் நான் பார்த்த முதல் விசேஷம் அதுதான். சர்க்கரைப் பொங்கலை இலைக் கிழிசலில் வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். கட்டம் போட்ட கைலியைத் தூக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் வரும் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"நல்லாத்தான்யா இருக்கு. எத்தன நாளைக்கு?"

"கம்பெனிக்காரன் நல்லா உழைக்கும்னுதாண்ணே சொல்லியிருக்கான்."

"இஞ்சினக் கேக்கலய்யா. அது குடிக்கிற எண்ணெயக் கேக்குறேன். அது எத்தன நாளைக்கு வரும்?"

 அவர் பதிலுக்காக நிற்கவில்லை. பொங்கலை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார், தொட்டித் தண்ணீரில் கை கழுவினார், போய்விட்டார். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு பேச்சா என்று என் மாமியார் அன்றைக்கு முழுவதும் முனகிக்கொண்டே இருந்தார்.

ஊரில் அவரைப் பர்மாக்காரர் என்பார்கள். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். பர்மாவிலிருந்து நம் ஆட்களை அனுப்பியபோது, மனைவியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்து, மனைவியின் பிறந்த ஊரான இங்கேயே தங்கிவிட்டவர். அங்கே ஐராவதி ஆற்றங்கரையில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் ஊரில் பம்ப் ஓட்டும் வேலை. இருபத்து நாலு மணி நேரமும் அந்தச் சத்தத்திலேயே இருந்ததில் காது மந்தமாகிவிட்டது. அதனால் எதையும் மெதுவாகச் சொல்ல வராது. ஒருவர் காதோடு சொல்ல வேண்டிய வருத்தமான செய்தியைக்கூடத் தெருவுக்கே அறிவிப்பதுபோலத்தான் சொல்வார்.

சொன்னதெல்லாம் ஒரே செய்திதான். பூமிக்குள் எண்ணெய் அளவோடுதான் இருக்கிறது, அது தீர்ந்துபோகும். டீக்கடையில் சொல்வார். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். யாராவது புது மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தால், கையை நீட்டி நிறுத்திச் சொல்வார். ஒரு லாரி முதலாளி வீட்டில் வளைகாப்புக்குப் போய், "பிள்ளைய லாரித் தொழில்ல விட்றாதீக" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறக்காத பிள்ளைக்குச் சொல்லும் பேச்சா அது? அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் அவருக்குப் பாக்கு வைப்பது குறைந்துவிட்டது. வைத்தாலும், அந்த அக்காவை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு அந்த ஊரில் முதலில் கிடைத்த ஆள் அவர்தான். கொஞ்சம் பருமன், சிரித்தால் உடம்பெல்லாம் குலுங்கும். சிரிப்பு முடியும்போது இருமல் வரும்.

இருமலுக்குக் காரணம் அடுப்பு. எல்லார் வீட்டிலும் காப்பித் தண்ணீர் வைக்கவாவது ஒரு கிருஷ்ணாயில் ஸ்டவ் வந்துவிட்ட காலத்திலும் அவர்கள் வீட்டில் விறகுதான். பழகினால் விட முடியாது, பிறகு இல்லாதபோது கஷ்டப்படுவாய் என்று பர்மாக்காரர் வாங்க விடவில்லை. மழைக்காலத்தில் ஈர விறகோடு அக்கா படும் பாட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஊதுகுழல் சத்தம், பிறகு இருமல், பிறகு ஊதுகுழல். கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தேனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு திரி ஸ்டவ் வாங்கி, துணிப்பையில் சுற்றி எடுத்துவந்து எங்கள் அடுப்பங்கரையில் வைத்துவிட்டார்.

"ஏத்தா, இது உன் வீட்லயே இருக்கட்டும். நான் வந்து ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டுப் போறேன்."

தினமும் சாயங்காலம் பர்மாக்காரர் தோட்டத்துக்குப் போனதும் அக்கா வருவார். ஸ்டவ்வைப் பற்றவைத்து, நீலமாக நிற்கும் நெருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் சேர்த்துத்தான் காப்பி. ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனது தெரியவில்லை. பர்மாக்காரர் அக்காவைத் தேடிக்கொண்டு வந்து எங்கள் அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டார். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. மறைக்க இடமில்லை.  அக்கா அசையவே இல்லை.

அவர் ஸ்டவ்வைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"நம்ம வீட்ல வச்சே பத்த வைக்கலாமுல்ல? அடுத்த வீட்டுல வந்து எதுக்கு?"

"அங்கன வச்சா நீங்க பக்கத்துல வந்து உக்காந்து எத்தன நாளைக்கு எத்தன நாளைக்குன்னு கேப்பீக. காப்பி தொண்டையில எறங்குமா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். கோபம் இல்லை, அவமானப்பட்ட மாதிரியும் இல்லை. ரொம்பக் களைத்துப்போனவர் நடையாக இருந்தது அது. ஸ்டவ் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அவருக்கு எண்ணெய் என்றாலே வெறுப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிருஷ்ணாயில் பாட்டிலைத் திறந்தால் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் விளக்கில் ஊற்றுவார். அத்தர் முகர்வது மாதிரி. விளக்குத் திரியை மற்றவர்கள் வைப்பதில் பாதி அளவுதான் வைப்பார். நான் ஒரு நாள் எங்கள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது வெளியே சிந்திவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து தன் தோள்துண்டால் தரையை ஒற்றி எடுத்தார். துண்டைப் பிழிந்தால் என்ன வரப்போகிறது? அப்படியே வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கஷ்டம் வந்தது. எங்கோ அரபு நாட்டில் சண்டை, எண்ணெய் வரத்து குறைந்துவிட்டது, விலை ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோவில் கேட்டபோது எங்களுக்கு அது வேறு யாருடைய கஷ்டமோ போல இருந்தது. பிறகு ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் இல்லை என்றார்கள். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்பார்கள். டின்னையும் பாட்டிலையும் வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்போம். எழுந்துபோனால் வரிசை போய்விடும், இருந்தால் வீட்டில் வேலை கிடக்கும். வெயில் ஏறி, கடைக்காரர் கதவைச் சாத்தும்போதுதான் எழுந்திருப்போம். காலிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் அந்த அலுப்பு இப்போது நினைத்தாலும் முழங்காலில் வலிக்கிறது. பஸ்கள் குறைந்தன. உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்கள் நடந்தார்கள். விளக்கில்லாமல் இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுத்தோம். அக்காவின் ஸ்டவ் எங்கள் பரணுக்கு ஏறியது. நான் அவர்கள் வீட்டு விறகடுப்பில் போய்ச் சோறு வடித்துக்கொண்டு வந்தேன்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தோட்டம்தான் எங்களைக் கலங்கடித்தது. பன்னீர் திராட்சையில் கிளை வெட்டும் கவாத்து முடிந்து, பந்தல் முழுக்கக் காய் பிடித்திருந்தது. அந்தச் சமயத்தில் தண்ணீர் நின்றால் காய் சுருங்கி உதிர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சின்னமனூர் பெட்ரோல் பங்குக்குப் போவார், வெறும் கேனோடு திரும்பி வருவார். மறுநாள் தேனிக்குப் போவார். அங்கேயும் அதே கதை. இஞ்சின் கொட்டகையில் இஞ்சின் எண்ணெய்ப் பிசுக்கோடு பேசாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு காலையில் பர்மாக்காரர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இஞ்சின் வந்தபிறகு எல்லோரும் மாடுகளை விற்றுவிட்டார்கள். மாடு பூட்டி இழுக்கும் கமலை கட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைத்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். தோளில் வடம், ஒரு கையில் சால். நாங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"மாட்டப் பூட்டுங்கய்யா. காய் காத்திருக்காது."

எங்கள் கிணற்றிலும் பழைய கமலைக் கல் அப்படியேதான் இருந்தது. கட்டி, சாலை இறக்கினார்கள். வடம் முழுக்க ஓடியும் சால் தண்ணீரைத் தொடவில்லை. இஞ்சின் வந்தபின் இரண்டு முறை கிணற்றை வெட்டி ஆழமாக்கியிருந்தோம். இஞ்சின் இறைக்க இறைக்கத் தண்ணீர் கீழே போயிருந்தது. வடத்தை நீளமாக்கினால் மட்டும் போதாது. சால் மேலே வர வேண்டுமென்றால் மாடுகள் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மாடுகள் இறங்கும் சரிவு அந்தக் காலத்துத் தண்ணீர் மட்டத்துக்கு வெட்டியது. அது முடியும் இடத்தில் எங்கள் திராட்சைப் பந்தல் தொடங்கியது.

அவர் சரிவின் முனையில் நின்று பந்தலைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

"ரெண்டு வரிசைய எடுக்கணும்த்தா. மாடு நடக்க எடம் வேணும்."

காய் தொங்கும் கொடியை அடியோடு வெட்ட வேண்டும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். என் வீட்டுக்காரர் அருவாளை வாங்கிக்கொண்டு போனவர், முதல் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கை ஓங்கவில்லை. பர்மாக்காரர் அருவாளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார். தானே வெட்டினார். ஒவ்வொரு கொடியாக, அதிலிருந்த காய்க்குலை தரையில் மோதாமல் இடது கையில் தாங்கித் தாங்கி வெட்டி வைத்தார். அன்றைக்கு அவர் "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் தாங்கியிருக்க மாட்டோம். அவர் சொல்லவில்லை.

மதியம் மாடுகளை நிழலில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான், அத்தனை வருடங்களில் முதல் தடவையாக அந்த எண்ணெய் ஊரைப் பற்றிச் சொன்னார். நான் கொண்டுபோன கஞ்சிக் கலயம் அவர் மடியில் இருந்தது.

"கெணறு ஒரு நாள்ல வத்திராதுத்தா. மொத மொதக் கண்டப்ப எண்ணெய் தானா பீச்சிக்கிட்டு வந்துச்சு. கும்பிட்டோம். அப்புறம் பம்ப் வச்சோம். அப்புறம் எண்ணெய்யோட தண்ணி வர ஆரம்பிச்சது. பாதிதான் தீந்திருக்கும். மொதப் பாதி தானா வரும், மறுபாதியக் கெஞ்சிக் கெஞ்சித்தான் எடுக்கணும். எண்ணெய் தீந்த பெறகு இல்ல கஷ்டம் வர்றது, பாதியிலயே வந்துரும்."

"அங்கன இருந்தவகளுக்குத் தெரியாதாண்ணே?"

"எல்லாருக்கும் தெரியும். ஆபீசுல சொன்னா ஆளு ஓடிப்போகும்னு சொல்லல. கடைக்காரகளுக்குத் தெரிஞ்சா கடன் குடுக்க மாட்டாகன்னு நாங்களும் சொல்லல. என் தம்பி ஒருத்தன் எங்கூட வந்து இருந்தான். அவன் பொண்டாட்டி நகைய எல்லாம் போட்டு அங்கனயே ஒரு வீடு கட்டுனான். கட்டலாமாண்ணேன்னு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் கட்டுனான். பைப்புல கை வச்சுப் பாத்தா எனக்குத் தெரியும். கட்டுடான்னேன். வீட்டு வேல முடியல, எங்க பக்கத்துக் கெணத்த மூடிட்டாக. ஆளுகள அனுப்பிட்டாக. விளக்குக் கம்பத்தக்கூடப் புடுங்கிட்டுப் போயிட்டாக. ரங்கூன்ல வேல தேடப் போறேன்னு போனவந்தான். வரல."

கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து மாட்டை அவிழ்த்தார். 

வடத்தை நீட்டி இறைத்துப் பாதித் தோட்டத்தைக் காப்பாற்றினோம். மீதி உதிர்ந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை.

அந்த மாதத்தில் ஊருக்கு அவர் பெரிய மனிதராகிவிட்டார். அவர் வந்தால் பேச்சை மாற்றிய டீக்கடையில் இப்போது எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் சொன்னது சரிதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கூட்டம் போட்டு, பெரியகுளத்திலிருந்து ஒரு விவசாய அதிகாரியை வரவழைத்து, பக்கத்தில் இவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்கள் நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். பம்பாய் பக்கம் கடலில் எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறார்கள், கரண்டு கம்பம் எல்லாத் தோட்டத்துக்கும் வரப்போகிறது, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு இவரைப் பேசச் சொன்னார்கள்.

"கடல்ல இருக்கிறதும் கெணறுதானுங்க" என்று ஆரம்பித்தார். எங்களுக்குத் தோட்டத்தில் சொன்ன மாதிரியே சொன்னார், தம்பி கதையை மட்டும் விட்டுவிட்டு. கூட்டம் அசையாமல் கேட்டது. வாழ்நாளில் அவர் பேச்சை ஒரு கூட்டம் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். முடித்ததும் பின்னால் இருந்து ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரிதாண்ணே. இப்ப நாங்க என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க. செய்யிறோம்."

  அவர் கூரையைப் பார்த்தார். என்ன சொல்லியிருக்க முடியும்? மாடு வாங்குங்கள் என்றால் தண்ணீர் எட்டாது என்பதை எங்கள் கிணற்றடியில் பார்த்துவிட்டு வந்தவர். திராட்சையை விட்டுவிட்டுச் சோளம் போடுங்கள் என்றால் பிள்ளைகளைப் படிக்கவைப்பது எப்படி?

"எனக்குத் தெரியலய்யா" என்றார். "தீரும்னு மட்டுந்தான் தெரியும்."

 யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம். அதிகாரிக்கு இளநீர் வெட்டினார்கள். இவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதையாவது சொல்லியிருக்கலாம்ல இந்த மனுசன்" என்றார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

டீசல் திரும்பி வந்தது. விலை கூடுதல், ஆனால் கிடைத்தது. ரேஷன் கடையில் வரிசை குறைந்தது. அக்காவின் ஸ்டவ் பரணிலிருந்து இறங்கியது. ஒரு மகசூல் நன்றாக வந்ததும், பஸ் குறைந்ததையும் இருட்டில் சாப்பிட்டதையும் ஏதோ அம்மை கண்டு எழுந்த மாதிரிப் பேச ஆரம்பித்தோம். வெட்டிய இரண்டு வரிசையிலும் மறுபடி கொடி வைத்தோம். டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் கொடுப்பதை எந்த நாளில் நிறுத்தினார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

சில வருடங்கள் கழித்து அதேபோல இன்னொரு தட்டுப்பாடு வந்தது. மறுபடி வரிசை, மறுபடி காலிப் பாட்டில். வரிசையில் என் அருகே வந்து நின்ற பர்மாக்காரரிடம், "இப்பப் போயிச் சொல்லுங்களேண்ணே, கேப்பாக" என்றேன்.

"போன தடவ சொன்னதயே திருப்பிச் சொல்லணும்த்தா. கேட்டுட்டு, என்ன செய்யணும்னு கேப்பாக. எனக்கே அலுத்துப் போச்சு."

அவர் மகன் அதற்குள் வளர்ந்துவிட்டான். மதுரையில் ஃபிட்டர் வேலை படித்தவன், அம்மாவைப்போலச் சிரித்த முகம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் எல்லை தாண்டி மலையாளத்து ஆட்களோடு பழகியவர்கள் அரபு நாட்டுக்குப் போவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவனும் யாரையோ பிடித்து வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். ஒரு நாள் வந்து, குவைத்துக்குப் போகிறேன், எண்ணெய்க் கிணற்றில் பம்ப் வேலை என்று நின்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அவர் குரல் அப்படி.

"அந்த வேல வேணாம்டா."

"நீங்க பாத்த வேலதானப்பா. நான் பாத்தா என்ன?"

"நான் பாத்ததனாலதான்டா வேணாங்கிறேன்."

"அங்கன கெணறு கெணறா இருக்காம். நம்ம காலத்துக்குத் தீராதாம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சொன்னாக!"

அப்போது அக்கா பேசினார். அக்கா அவரை எதிர்த்து அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் இருமல் வந்து நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இங்கன இருந்து அவன் என்ன செய்யணும்? உங்க கூட உக்காந்து தீரப்போகுது தீரப்போகுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கணுமா? கப்பல விட்டு எறங்குன நாள்ல இருந்து அதைத்தான் கேக்குறேன். அடுப்ப ஊதி ஊதி எனக்குத்தான் தீந்துபோச்சு. அவனாவது போகட்டும்."

 பர்மாக்காரர் வெளியே வந்து, செருப்பு போடாமல் தோட்டத்துப் பாதையில் நடந்து போவது தெரிந்தது.

மகன் கிளம்பிய அன்று பெட்டியை அவர்தான் தூக்கினார். மெயின் ரோடு வரைதான் வருவார் என்று நினைத்தோம். எங்கே போவதானாலும் நடந்தே போகிறவர் அன்று மகனோடு பஸ்ஸில் ஏறி மதுரை வரைக்கும் போய்விட்டு வந்தார். வழியில் அவனிடம் என்ன பேசினார் என்று அக்கா துருவித் துருவிக் கேட்டாராம். "ஒண்ணும் பேசல. ஜன்னலோரம் உக்கார வச்சேன். தூங்கிட்டான்" என்றாராம்.

மகன் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். அக்காவை மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். புகைப் பக்கமே போகக் கூடாது என்று அவர் கண்டித்துச் சொல்லிவிட்டார். காஸ் அடுப்புக்குப் பதிந்து வைத்து, அலைந்து, கடைசியில் சிலிண்டர் வந்து இறங்கியது. எங்கள் தெருவில் முதல் காஸ் அடுப்பு பர்மாக்காரர் வீட்டில்தான். அக்கா எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். பர்மாக்காரர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தார். எல்லோரும் அவர் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டீக்கடையில் வேண்டுமென்றே கிண்டினாலும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஓடைப்பட்டியில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றி, போர்வெல் போட லாரிகள் வர ஆரம்பித்த காலம் அது. எங்கள் தோட்டத்திலும் போட்டோம். அந்த இரைச்சலுக்கும் புழுதிக்கும் நடுவே வந்து நின்று பார்த்தார். என் வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்லாம நிக்கிறீக?"

"சொல்ல எனக்கு வாயில்லய்யா. என் வீட்டு அடுப்பு எரியிறது அந்த எண்ணெய்க் காசுல."

அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மனிதர் வாயை மூட மாட்டாரா என்று எத்தனையோ முறை சலித்திருக்கிறேன். மூடியபிறகு பக்கத்து வீடு காலியாகிப் போனதுபோல ஆகிவிட்டது. அக்காவும் அதையேதான் சொன்னார். "பேசினாலும் கஷ்டம், பேசாட்டியும் கஷ்டம். என்ன மனுசனோ போ" என்றார். மூச்சு வாங்கும் காலம் அது அவருக்கு. ஒரு வரி சொல்லி முடிக்க நேரமாகும்.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்து கூட்டம் கூட்டமாகத் தீச்சட்டி எடுத்துப்போகிறார்கள். கொட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. அந்த வரிசையில், இரண்டு கையிலும் வேப்பிலையைப் பிடித்து அதன்மேல் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு, மஞ்சள் வேட்டியில் அவர் வந்தார். கோயில் குளம் என்று போகிற மனிதரே இல்லை. அந்த வயதில், அந்த வெயிலில் கால் பின்னிப் பின்னி நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அக்காவால் வர முடியாது. நான் ஓடிப்போய்க் கூடவே நடந்தேன். என்னைப் பார்த்தார், நிற்கவில்லை.

சட்டியை இறக்கிவிட்டு வந்ததும் ஆற்றங்கரை மரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கை இரண்டும் சிவந்திருந்தன.

"அக்காவுக்கு வேண்டிக்கிட்டீகளாண்ணே?"

இல்லை என்று தலையசைத்தார். தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பயலுக்குத்தான். ஊருக்கு வரச் சொன்னா வர மாட்டேங்குறான். அங்கனயே குடும்பத்தக் கூட்டிக்கிட்டு இருந்துருவேங்குறான்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் கெணறெல்லாம் வத்தாம இருக்கணும்னு ஆத்தாகிட்டக் கேட்டேன். அவன் இருக்கிற வரைக்கும்."

  ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, சின்னமனூர் பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டார். கையைக் காட்டினேன். கூட்டத்துக்குள் இறங்கி, முண்டியடித்து, அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.